தானே சோதனை முயலாகிய அறிஞர்

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, முனைவர் பட்ட ஆய்வுத் தலைப்புகளைப் பரிசீலிக்கும் குழு ஒன்றில் நானும் உறுப்பினராக இருந்தேன். பொருளாதார மாணவர் ஒருவர் எங்கள்முன் வந்து நின்றார். மளிகைக் கடைகளில் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கும் வழக்கத்தை ஆராய விரும்புவதாகச் சொன்னார். கடைக்காரர் ஐம்பது காசுக்குப் பதில் ஒரு மிட்டாய் தருகிறார், நாமும் வாங்கிக்கொள்கிறோம். அதே மிட்டாயை மறுநாள் நாம் திருப்பிக் கொடுத்தால் அவர் ஐம்பது காசாக ஏற்பாரா? எந்தக் கடையில் ஏற்பார், எந்தக் கடையில் மறுப்பார்? ஒரு திசையில் மட்டும் செல்லும் அந்த மிட்டாய் பணமா, பண்டமா? இதுதான் அவருடைய கேள்வி.

குழுவில் இருந்த அனைவரும் சிரித்தோம். இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று ஒருவர் கேட்டார். மாணவரிடம் உடனடியாகப் பதில் இல்லை. பிறகு அவர் கூட்டுறவு வங்கிகளின் கடன் நிலுவை பற்றி ஆய்வு செய்து முறைப்படி பட்டம் பெற்றார். அந்த ஆய்வேட்டைப் படித்து நானும் கையெழுத்திட்டேன். அதில் எந்தக் குறையும் இல்லை. அதைப் பற்றி இன்று எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை. மிட்டாய்க் கேள்வி மட்டும் மறக்கவில்லை.

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஜே.பி.எஸ். ஹால்டேன் நினைவுக்கு வருவார். மாணவப் பருவத்தில் நூலகத்தில் தற்செயலாகக் கையில் கிடைத்த அவருடைய கட்டுரைத் தொகுப்பின் வழியாக எனக்கு அறிமுகமானவர் அவர். இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் பெரும் அறிஞர்களில் ஒருவர். வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சியைப் பார்த்துச் சிரித்தவரும் அவரே. ஆனால், அவருடைய சிரிப்பு எங்கள் சிரிப்பைப் போன்றதல்ல. நாங்கள் ஒரு கேள்வியை மூடுவதற்காகச் சிரித்தோம். அவர் கேள்வியைத் திறந்து வைக்கச் சிரித்தார். பெரும்பாலும் தம்மைப் பார்த்தே சிரித்தார்.

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சைப் பற்றி ஆராய்ந்த உடலியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்களைக் கொல்லும் வாயுக்களைக் கண்டறிவதே அவருடைய பெரும்பணி. நச்சு வாயுவை முன்கூட்டியே உணர்த்த, சிறிய பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லலாம் என்று பரிந்துரைத்தவர் அவர்தான். நச்சு வாயுக்களைத் தாமே முகர்ந்து, உடலில் என்ன நிகழ்கிறது என்று குறிப்பெடுப்பது அவருடைய வழக்கம். அந்த வீட்டில் ஆய்வுக்கூடத்துக்கும் உணவு மேசைக்கும் அதிக இடைவெளி இருக்கவில்லை.

சிறுவனாக இருந்தபோதே மகனையும் தந்தை சோதனைக்கு உடன் அழைத்துச் சென்றார். ஒருமுறை ஸ்டஃபோர்டுஷயர் பகுதியிலுள்ள ஒரு சுரங்கத்தில், மீத்தேன் வாயு தேங்கியிருந்த தாழ்வான பகுதிக்கு இருவரும் சென்றார்கள். நிமிர்ந்து நின்று, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் ஆண்டனி ஆற்றும் உரையை ஒப்பிக்கும்படி தந்தை சொன்னார். சிறுவன் சில வரிகளைச் சொல்வதற்குள் மூச்சிரைத்துத் தரையில் விழுந்தான். விழுந்த இடத்தில் காற்று நன்றாக இருந்தது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, ஆகவே அது கூரையை ஒட்டித்தான் நிற்கும் என்ற பாடம் அவனுக்கு ஆயுள் முழுவதற்கும் பதிந்துவிட்டது. 13 வயதில் நீர்மூழ்கும் உடையை மாட்டிக் கடலுக்குள்ளும் இறக்கப்பட்டான். பெரியவர்களுக்காகத் தைத்த உடை அது. இடுக்குகள் வழியே நீர் கசிந்து உள்ளே ஏறியபோதும் அவன் பதறவில்லை என்பார்கள்.

இன்றைய பெற்றோர் இதைக் கேட்டால் அதிர்ச்சியடைவார்கள். எனக்கும் அந்தத் தந்தையைப் பின்பற்றும்படி யாருக்கும் சொல்லத் துணிவில்லை. ஆனால், அந்த மகன் அங்கே கற்றுக்கொண்ட நெறி ஒன்று உண்டு. ஆபத்தான கேள்விக்கு விடை வேண்டுமானால், ஆபத்தை முதலில் ஏற்க வேண்டியவர் கேள்வி கேட்டவர்தான்.

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டு நியூ கல்லூரியிலும் படித்த ஹால்டேன், கணிதத்திலும் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களிலும் முதல் வகுப்பில் தேறியவர். பின்னாளில் உயிர்வேதியியல், மரபியல், புள்ளியியல் ஆகிய துறைகளில் பணியாற்றிய அவரிடம் அறிவியலில் ஒரு பட்டம்கூட இல்லை. இன்றைய நம் பல்கலைக்கழக விதிகளின்படி, அவருடைய விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே தள்ளுபடி ஆகியிருக்கும்.

முதல் உலகப் போரில் அவர் படையணி அதிகாரியாகப் பணியாற்றினார். 1915இல் ஜெர்மானியப் படைகள் குளோரின் வாயுவைப் பயன்படுத்தியபோது, தந்தையும் மகனும் அந்த வாயு நிறைந்த அறைக்குள் சென்று முகமூடிகளைச் சோதித்தார்கள். அந்தப் போர்க்களத்திலும் அவருடைய விளையாட்டுப் புத்தி ஓயவில்லை. எதிரியின் பார்வையில் படும் ஒரு திறந்த வெளியை அவர் மிதிவண்டியில் கடந்து சென்றதாக ஒரு கதை உண்டு. அப்படி ஒரு காட்சியைக் கண்ட வியப்பில் எதிரிகள் சுட மறந்துவிடுவார்கள் என்பது அவருடைய கணிப்பு. கணிப்பு பலித்தது. இருமுறை காயமுற்ற அவர், ஓய்வுக்காக 1917இல் இந்தியா வந்தார். இந்த நாட்டின்மீது அவருக்குப் பற்று ஏற்பட்டது அப்போதுதான்.

போருக்குப் பின்தான் அவருடைய புகழ்பெற்ற சோதனைகள் தொடங்கின. இரத்தத்தில் அமிலத்தன்மை கூடினால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பது கேள்வி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நேரடியாகக் குடித்தால் பற்களும் தொண்டையும் போய்விடும். நீர் சேர்த்துக் குடித்தாலோ போதிய அளவு உடலுக்குள் சேராது. எனவே அவர் ஒரு குறுக்குவழியைக் கண்டார். நம் நாட்டு மருந்துக் கடைகளில் நவச்சாரம் என்ற பெயரில் கிடைக்கும் அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்தார். அதிலுள்ள அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிவிட, அமிலம் மட்டும் உடலில் தங்கியது. மாடி ஏறிய நாயைப் போலப் பல நாள்கள் அவருக்கு மூச்சு வாங்கியது.

ஒரு பெரிய மனிதர் நவச்சாரத்தைக் குடித்துவிட்டு மூச்சிரைக்கத் தள்ளாடி நடந்தார் என்பது வெளியில் இருந்து பார்ப்பவருக்கு வேடிக்கைதான். இதே காலத்தில் ஜெர்மனியில், கைக்குழந்தைகள் சிலருக்கு வரும் ஒருவகை இழுப்பு நோய்க்கு இரத்தம் காரத்தன்மை அடைவது காரணமாகிறது என்று மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அவர்களுக்கு அம்மோனியம் குளோரைடு மருந்தாகப் பயன்பட்டது. வேடிக்கை செய்தவரின் மூச்சிரைப்பு, யாரோ ஒரு தாயின் கையிலிருந்த குழந்தைக்கு மூச்சாயிற்று.

இந்த அனுபவங்களைத் திரட்டி, தனக்குத் தானே முயலாக இருப்பதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். சோதனைக்கூடத்து முயலிடம் அவர் கண்ட குறை, அது தன் தலைவலியை வாய்திறந்து சொல்வதில்லை என்பதும், ஆய்வாளருடன் ஒத்துழைக்கப் பெரும்பாலும் அக்கறை காட்டுவதில்லை என்பதும்தான். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் அதிலுள்ள நியாயம் உறைக்கிறது. வாயில்லாப் பிராணிக்குச் செய்வதைத் தனக்குச் செய்துகொள்பவருக்கு இரண்டு நன்மைகள். தகவல் துல்லியமாகக் கிடைக்கிறது, மனமும் உறுத்துவதில்லை.

உயிரினங்களின் உருவ அளவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் பல நாடுகளில் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. கதைகளில் வரும் அரக்கன் மனிதனைவிடப் பத்து மடங்கு உயரமும் பத்து மடங்கு அகலமும் பத்து மடங்கு பருமனும் உடையவன் என்று கொள்வோம். அவன் எடை ஆயிரம் மடங்கு ஆகிவிடும். ஆனால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்குதான் கூடும். ஆகவே முதல் அடி எடுத்து வைத்ததுமே அரக்கனின் தொடை எலும்பு முறிந்துவிடும். ஆழமான சுரங்கக் குழியில் ஒரு சுண்டெலியைப் போட்டால் அது சற்றே திகைத்துவிட்டு ஓடிவிடும். குதிரை விழுந்தால் சிதறிவிடும். சிறிய உடலில் எடையோடு ஒப்பிடும்போது பரப்பு அதிகம், ஆகவே காற்று அதைத் தாங்கிக்கொள்கிறது. பள்ளிக் கணக்கை வைத்துக்கொண்டு, புராண அரக்கனையும் சுண்டெலியையும் ஒரே விதிக்குள் அவர் அடக்கிவிட்டார்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் கட்டுரையின் இறுதிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு விலங்குக்கும் உகந்த உருவ அளவு இருப்பதுபோல, ஒவ்வொரு சமூக அமைப்புக்கும் உகந்த அளவு உண்டு என்று அவர் வாதிடுகிறார். பேரரசு முழுவதையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் பொதுவுடைமை ஆக்குவதை, யானை குட்டிக்கரணம் அடிப்பதோடு அவர் ஒப்பிட்டார். பின்னாளில் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தவரும் அவரே என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

வேடிக்கை மனிதர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாதபடி தடுத்தது அவருடைய கணிதம். 1924 முதல் பத்தாண்டுகள், இயற்கைத் தேர்வு எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதைக் கணிதச் சமன்பாடுகளாக அவர் எழுதினார். தொழிற்சாலைப் புகையால் மரங்கள் கறுத்த பகுதிகளில், வெளிர்நிற விட்டில் பூச்சிகளின் இடத்தைக் கருநிறப் பூச்சிகள் பிடித்த வேகத்தைக் கொண்டு, கருநிறத்துக்கு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் வாய்ப்பு இருந்திருக்க வேண்டும் என்று அவர் காகிதத்தில் கணக்கிட்டார். பலர் நம்பவில்லை. 1950களில் காடுகளில் நடந்த கள ஆய்வுகள் அந்தக் கணக்குக்கு வலுச் சேர்த்தன. ரொனால்டு ஃபிஷர், சூவல் ரைட் ஆகிய இருவருடன் சேர்த்து, டார்வினின் கொள்கையையும் மெண்டலின் மரபியலையும் இணைத்த மூவருள் ஒருவராக ஹால்டேனை இன்று உலகம் மதிக்கிறது.

அந்தக் கணக்கிலும் சிரிப்பு இருந்தது. உறவினரைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைக்கும் குணம் எப்படி வழிவழியாகப் பரவும் என்பதை 1955இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் ஆராய்ந்தார். ஆற்றில் மூழ்குவது தன் பிள்ளையா, உடன்பிறந்தவரா, தூரத்து உறவினரா என்பதைப் பொறுத்து இலாப நட்டக் கணக்கு மாறும். இவ்வளவும் எழுதிவிட்டு, தாம் நீரில் தத்தளித்தவர்களை இழுத்துக் கரைசேர்த்தபோது இத்தகைய கணக்கைப் போட நேரம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். தமது கோட்பாட்டின் எல்லையை இவ்வளவு நயமாக ஒப்புக்கொண்ட பொருளாதார அறிஞரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதே கணக்கை விரித்து 1964இல் ஹாமில்டன் வகுத்த கோட்பாடு, இன்று விலங்குகளின் நடத்தையை விளக்கும் அடிப்படைகளில் ஒன்று.

1939 ஜூன் முதல் நாள், தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் அருகே வெள்ளோட்டத்தின்போது மூழ்கியது. 99 பேர் இறந்தார்கள், நால்வர் மட்டுமே தப்பினார்கள். இறந்தவர்களில் பலர் கப்பல் கட்டும் தொழிலாளர்கள். அவர்களுடைய தொழிற்சங்கங்கள் உண்மையைக் கண்டறிய ஹால்டேனை நாடின. அவர் இரும்பு அறை ஒன்றுக்குள் தம்மை அடைத்துக்கொண்டார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பங்கேற்ற தோழர்கள் நால்வரும் உடன் அமர்ந்தார்கள். கரியமில வாயு ஏற ஏற, தலைவலியும் வாந்தியும் எப்போது வருகின்றன, எந்த நிலையில் தப்பும் கருவியை இயக்க முடியாமல் போகிறது என்று குறித்துக்கொண்டார்கள்.

அதன்பின் போர்க்காலம் முழுவதும் கடற்படைக்காக இந்தச் சோதனைகள் தொடர்ந்தன. மிகை அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுவாசித்தால் வலிப்பு வருகிறது என்பதைத் தம் உடலிலேயே அவர் விரிவாகச் சோதித்தார். அப்படிப்பட்ட ஒரு வலிப்பில் அவருடைய முதுகெலும்பு நசுங்கி, ஆயுள் முழுவதும் வலி நீடித்தது. சுவையற்றது என்று நாம் பள்ளியில் படிக்கும் ஆக்சிஜனுக்கு, உயர் அழுத்தத்தில் ஒரு சுவை உண்டு என்பதையும் அவர் பதிவுசெய்தார். அழுத்த மாற்றத்தில் அவருடைய செவிப்பறை கிழிந்தது. செவிப்பறை பெரும்பாலும் ஆறிவிடும், ஆறாமல் துளை நின்றுவிட்டாலும் காது சற்று மந்தமாகுமே தவிர, புகைக்கும்போது அந்தக் காது வழியாகப் புகை விட்டு விருந்தினரை மகிழ்விக்கலாம் என்று அவர் ஆறுதல் கண்டார். அந்தச் சோதனைகளின் முடிவுகள் பல கடற்படை வீரர்களின் உயிரைக் காக்க உதவின.

அவருடைய வாழ்வில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் புகழுரை ஆகிவிடும். பொதுவுடைமைக் கட்சியின் நாளேட்டில் அறிவியலை எளிமையாக விளக்கி முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியவர் ஹால்டேன். 1948இல் சோவியத் ஒன்றியம் லைசென்கோவின் போலி வேளாண் அறிவியலை அரசுக் கொள்கையாக்கி, மரபியலைத் தடை செய்தது. ஹால்டேனைத் தம் நாட்டுக்கு அழைத்து உபசரித்த மாபெரும் தாவரவியல் அறிஞர் வாவிலோவ், அதற்கு முன்பே, 1943இல், சிறையில் மடிந்திருந்தார். லைசென்கோவின் வாதங்களில் இருந்த ஓட்டைகளை ஹால்டேனைவிடத் தெளிவாகக் கண்டிருக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. ஆனால், அவர் தயங்கினார், இரு பக்கமும் நியாயம் இருப்பதுபோலப் பேசினார். 1950ஆம் ஆண்டு வாக்கில் ஓசையின்றிக் கட்சியை விட்டு விலகினார்.

பேரரசையும் பிரபுக்களையும் தம்மையும் கேலி செய்யத் தயங்காத அவருக்குத் தம் அணியைப் பார்த்து மட்டும் அந்தக் காலத்தில் சிரிக்க முடியவில்லை. அவருடைய அறிவியல் நேர்மை தடுமாறிய இடமும் அதுவே. இரண்டும் ஒரே இடத்தில் நேர்ந்தது தற்செயல் என்று நான் கருதவில்லை. எதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று ஒருவர் முடிவு செய்துவிடுகிறாரோ, அதைப் பற்றி அவரால் கேள்வி கேட்கவும் முடிவதில்லை.

1957 ஜூலையில் ஹால்டேன் தம் மனைவியும் உயிரியல் அறிஞருமான ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் தெருவில் ஒரு காவல்துறை நாயின் வாலை மிதித்த வழக்கில் ஹெலன் அபராதம் கட்ட மறுத்துச் சிறை சென்றிருந்தார். சூயஸ் கால்வாய் மீதான பிரிட்டனின் படையெடுப்பு, தாம் நாட்டை விட்டு வெளியேறக் காரணம் என்று ஹால்டேன் அறிவித்தார். அறுபது ஆண்டுகள் காலுறை அணிந்தது போதும் என்பது அவர் கூறிய இன்னொரு காரணம். மகலனோபிஸ் அழைப்பின்பேரில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். ஜிப்பா அணிந்தார், சைவ உணவுக்கு மாறினார், பிறகு இந்தியக் குடியுரிமையும் பெற்றார். தாம் ஆசிரியராக இருந்த மரபியல் ஆய்விதழையும் கையோடு கொண்டுவந்தார். அது இன்றும் நம் நாட்டிலிருந்து வெளிவருகிறது.

நம் நாட்டில் விலை உயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய இளைஞர்களுக்கு அவர் காட்டிய வழிதான் என் பார்வையில் அவருடைய இந்தியக் கொடை. கண்ணும் பொறுமையும் எண்ணத் தெரிந்த விரல்களும் போதும் என்பது அவருடைய கொள்கை. உயிர்களைக் கொல்லாமல் செய்யும் உயிரியல், அகிம்சையின் மண்ணுக்குப் பொருந்தும் என்றும் அவர் கருதினார். அவருடைய மாணவர்களில் ராய், பவளமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். இரண்டு நெல் இரகங்களைக் கலந்து நட்டால் விளைச்சல் கூடுவதையும் அவர் கண்டார். ஜெயகர், ஹெலனுடன் சேர்ந்து ஆள்காட்டிப் பறவையின் கூட்டைக் கவனித்தார். துரோணம்ராஜு, உண்ணிச்செடியின் எந்த நிறப் பூவை எந்தப் பட்டாம்பூச்சி நாடுகிறது என்று பார்த்தார். காது மடலில் முடி வளரும் ஆண்களின் குடும்ப மரங்களை வரைந்தவரும் அவரே. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் மரபுக்கூறுதான் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். பிற்கால மரபணு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. ஆனால், கேள்வி தெளிவாக இருந்ததால்தான் அது தவறு என்பதையும் தெளிவாக நிறுவ முடிந்தது.

இவற்றில் நம்மூர்க்காரர்களுக்கு நெருக்கமானது தென்னை. தென்னையின் மட்டைகள் தண்டைச் சுற்றிச் சுழல்வரிசையில் அமைகின்றன. சில மரங்களில் அந்தச் சுழல் இடப்பக்கமாகவும் சிலவற்றில் வலப்பக்கமாகவும் செல்கிறது. வாழ்நாளெல்லாம் தென்னையடியில் நடந்த நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்போம்? ஹால்டேனின் குழுவில் இருந்த டேவிஸ் ஆயிரக்கணக்கான மரங்களை அண்ணாந்து பார்த்து எண்ணினார். இரு வகையும் கிட்டத்தட்டச் சம அளவில் இருப்பதையும், தாய் மரத்தின் சுழல் கன்றுக்கு வருவதில்லை என்பதையும் கண்டார். இடச்சுழி மரங்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகக் காய்ப்பதாகவும் அவர் பதிவு செய்தார். தோப்பில் நின்று மட்டையின் திசையை எண்ணும் மனிதரை வழிப்போக்கர் யாரேனும் பார்த்துச் சிரித்திருக்கக்கூடும்.

நிர்வாகக் கட்டுப்பாடுகளோடு அவருக்கு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. 1961இல் புள்ளியியல் கழகத்தை விட்டு விலகினார். அடுத்துத் தம்மோடு மோதிய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கில முதலெழுத்துகளை, சுயேச்சையான ஆராய்ச்சியை ஒடுக்கும் கழகம் என்று பொருள்படும்படி விரித்துக் காட்டினார். 1962இல் ஒடிசா அரசின் ஆதரவுடன் புவனேசுவரத்தில் ஒரு மரபியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். தமது கணித மரபியலை அவரை விட்டு என்றும் நீங்காத நகைச்சுவையோடு தற்காத்து எழுதிய கட்டுரை 1964இல் வெளிவந்தது.

அப்போது அவர் புற்றுநோயாளி. 1963இன் இறுதியில் மலக்குடலில் நோய் கண்டறியப்பட்டு, லண்டனில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனையில் இருந்தபடியே தமது புற்றுநோயைப் பற்றி ஒரு வேடிக்கைப் பாடலை எழுதி, 1964 பிப்ரவரியில் வார இதழ் ஒன்றில் வெளியிட்டார். சிலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பாடலின் நோக்கம் மிகத் தெளிவானது. வெட்கத்தாலும் அச்சத்தாலும் அறிகுறிகளை மறைப்பவர்கள் காலத்தோடு மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாய்விட்டுப் பேசத் தயங்கும் நோயைப் பற்றிச் சிரித்துப் பேசிவிட்டால், பாதித் தயக்கம் போய்விடும். தமது இரங்கல் உரையையும் பிபிசி தொலைக்காட்சிக்காக அவரே முன்கூட்டிப் பதிவு செய்து கொடுத்தார்.

1964 டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் அவர் மறைந்தார். அவருடைய விருப்பப்படி உடல் காக்கிநாடாவின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. உயிரோடு இருந்தபோது தமக்குத் தாமே முயலாக இருந்தவர், இறந்தபின் ஆந்திர மாணவர்களுக்குப் பாடமானார்.

சிரிக்கவைத்துப் பின்பு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கென்று 1991 முதல் இக் நோபல் என்ற பரிசு வழங்கப்படுகிறது. விடலைப் பருவத்தினர் மூக்கு நோண்டுவதைப் பற்றி ஆராய்ந்த பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2001இல் அதைப் பெற்றார்கள். யானையின் மொத்தத் தோற்பரப்பைக் கணக்கிட்ட கேரள வேளாண் பல்கலைக்கழக அறிஞர்கள் 2002இல் பெற்றார்கள். ஓர் உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது அதன் பரப்பைப் பொறுத்தது. ஹால்டேன் எழுதிய சுண்டெலிக் கணக்கின் மறுகோடியில் நிற்பதுதான் இந்த யானைக் கணக்கு.

ஆனால், இந்தக் கேள்விகள் நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தலைப்புக் குழுக்களைத் தாண்டி வருமா? நிதிக்கான விண்ணப்பங்களில் எதிர்பார்க்கப்படும் பயன் என்ற கட்டம் முதலில் வருகிறது. அதை நிரப்பத் தெரியாத மாணவர் கேள்வியை மாற்றிக்கொள்கிறார். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே, அதை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் நவச்சாரத்தைக் குடித்தவருக்கு அது ஒரு குழந்தைக்கு மருந்தாகும் என்பது குடிக்கும்போது தெரியாது. விடை தெரிந்த கேள்விகளுக்கு மட்டும் பணம் தருவோம் என்றால், நமக்குக் கிடைப்பவை தெரிந்த விடைகள்தான்.

மிட்டாய்க்கு வருகிறேன். இன்று பெட்டிக்கடையிலும் கைப்பேசியை நீட்டி, காசு வரை துல்லியமாகப் பணம் செலுத்துகிறோம். சில்லறைத் தட்டுப்பாடு மறைந்துகொண்டிருக்கிறது, மிட்டாய் கொடுக்கும் வழக்கமும் அதனோடு போய்க்கொண்டிருக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் பல ஆண்டுகள் நாள்தோறும் கைமாற்றிய ஒரு விசித்திர நாணயம், எங்கே செல்லுபடியானது, எங்கே செல்லாமல் போனது என்று அன்று எண்ணியிருக்க வேண்டிய ஒருவரை நாங்கள் சிரித்தே திருப்பி அனுப்பிவிட்டோம். இனி யார் நினைத்தாலும் அதை அதே வகையில் எண்ண முடியாது.

அந்த மாணவர் இன்று எங்கோ ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருக்கக்கூடும். அவர்முன் ஒரு மாணவர் சிரிப்பூட்டும் கேள்வியோடு வந்து நின்றால், அவர் நன்றாகச் சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின், உட்காருங்கள் என்று ஒரு நாற்காலியையும் காட்டட்டும். நான் அன்று செய்யத் தவறியது அதைத்தான்.